காற்று வாங்க வந்தவர்கள் காது கொடுத்த இடம்

2018 மே மாதம், கத்திரி வெயில். வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் சாலையோரமாக நாங்கள் 32 பெண்கள் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். வடசென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு மாதமாகக் குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம். மனு மேல் மனு கொடுத்துக் கை ஓய்ந்துபோய், ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டோம். கிடைத்த இடம் அது. எங்களுக்கு இடதுபக்கம் ஓய்வூதியம் கேட்டு ஒரு சங்கம், வலதுபக்கம் பணி நிரந்தரம் கேட்டு இன்னொரு சங்கம். மூன்று மைக்கும் ஒரே நேரத்தில் ஓடியதில் யார் என்ன கேட்கிறார்கள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. எதிரே இரும்புத் தடுப்புகள், அதற்கு அந்தப்பக்கம் காவலர்கள். அவர்களும் பாவம், நின்று நின்று களைத்துப்போயிருந்தார்கள். ஒரு மணி ஆனதும், “டைம் முடிஞ்சிதும்மா” என்றார்கள். பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பும்போது பேருந்தில் காலிப் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “எங்க போயிட்டு வரீங்க, இன்னா பிரச்சன?” என்று கேட்டார். எங்களோடு வந்த மூன்றாவது மாடி அக்கா சொல்ல ஆரம்பித்தார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பையன் காதில் இருந்ததைக் கழற்றினான். டிக்கெட் கொடுத்துக்கொண்டே நடத்துநரும், “எங்க ஏரியாவுலயும் இதே கததான்” என்றார். அந்த முக்கால் மணி நேரப் பயணத்தில் எங்கள் கதையைக் கேட்டவர்கள், காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியபோது கேட்டவர்களைவிட அதிகம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோரிக்கை சரியாகத்தான் இருந்தது, குரலும் குறைவில்லை. நின்ற இடம்தான் இடறியது. எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இல்லை. எங்களைப்போலவே பாதிக்கப்பட்டவரும் அந்த வழியாக வரவில்லை. அதற்குப் பிறகு இந்த நகரத்தில் எங்கே நின்றால் என்ன நடக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். தங்கள் தெருவுக்காக முதல்முறை வெளியே வந்து நிற்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1980-களின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை மெரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். காற்று வாங்கத்தான் போவோம். ஆனால் பாதி நாள் சீரணி அரங்கத்தின் முன்னால் மணலில் உட்கார்ந்துவிடுவோம். ஏதாவது ஒரு கட்சியின் கூட்டமோ சங்கத்தின் கூட்டமோ நடக்கும். எந்தக் கொடி என்று அப்பா பார்க்க மாட்டார். கையில் சுண்டல் பொட்டலம், பாவாடை மடிப்பெல்லாம் மணல், அலைச் சத்தத்துக்கு மேலே ஒலிபெருக்கி. பக்கத்தில் வாத்தியார் போல ஒருவர், அவரைத் தாண்டிக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், கொஞ்சம் தள்ளிக் குப்பத்துப் பையன்கள். பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து கடலைப் பார்க்கப் போவார்கள். பிடித்தால் திரும்பி வந்து உட்காருவார்கள்.

ஒருநாள் மேடையில் பேசியவர் துறைமுகக் கூலியைப் பற்றிச் சொன்னார். அந்த வாத்தியார் திரும்பி, “உண்மையாவே அவ்வளவுதான் தராங்களா?” என்று பொதுவாகக் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. சட்டைக் காலரை இழுத்து, மூட்டை தேய்த்துக் காய்த்துக் கறுத்துப்போயிருந்த தோளைக் காட்டினார். அவர் ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கூட்டம் முடியும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார். அப்பா அவர் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். அந்த மணலில் அது நடந்தது. பொது இடம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

அந்தக் கடற்கரைக்கு இந்த வேலை புதிதில்லை. 1907-ல் விபின் சந்திர பாலரை அழைத்து வந்து பாரதியும் நண்பர்களும் கூட்டம் நடத்தியது திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான். திலகர் பெயரால் அந்த மணல் திலகர் திடல் ஆனது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியபோது ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து நடந்தே வந்த தமிழர் படையை வரவேற்றதும் இதே மணல். அந்தப் படையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்து வந்தார் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பக்கம் ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் அங்கே கொட்டும் மழையில் நடந்தது. என் தாத்தா நனைந்துகொண்டே நின்றவர். வீட்டுக்கு வந்து வேட்டியைப் பிழிந்தபடி கேட்டதையெல்லாம் பாட்டியிடம் சொன்னாராம். பாட்டி அதைத் தெருவுக்கே சொல்லிவிட்டாராம்.

2003-ல் சீரணி அரங்கம் இடிக்கப்பட்டது. மெரினாவில் போராட்டங்களுக்கு அனுமதி கொடுப்பதும் அந்த வருஷத்தோடு நின்றது. அதற்குப் பிறகு ஆர்ப்பாட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம், சிவானந்தா சாலை என்று சில இடங்கள்தான் என்று வழக்கம் ஆகிவிட்டது. போக்குவரத்துக்கும் கடற்கரையின் தூய்மைக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வண்டி நின்றுவிடக் கூடாது. ஆனால் காற்று வாங்க வந்தவர் காது கொடுப்பது என்ற ஒன்று இருந்ததே, அது ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் நடக்காது. அங்கே வருகிறவர் ஏற்கெனவே போராடுகிறவர். மற்றவர்கள் அந்தச் சாலையைத் தவிர்த்துவிட்டு வேறு வழியில் போய்விடுகிறார்கள்.

2017 ஜனவரி ஒரு விதிவிலக்கு. ஜல்லிக்கட்டுக்காக 17-ஆம் தேதி விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே சிறு கூட்டமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் மணல் தெரியாத அளவுக்கு ஆனது. முதல் இரவு விளக்குகள் அணைந்தபோது பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்த படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் மூன்று நாள் போனேன். ஜல்லிக்கட்டைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, மாட்டையே சரியாகப் பார்க்காதவள். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வட்டத்தில் காவிரி, இன்னொரு வட்டத்தில் நீட், இன்னொன்றில் ஒரு பெண் தன் கம்பெனியில் சம்பளம் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கோரிக்கைக்காக வந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் பத்துக் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் பயமில்லாமல் நடந்தேன். அதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி காலை கூட்டத்தைக் கலைத்தார்கள், அன்று மாலையே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அதே நாள்தான் நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. ஓடி வந்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் சுற்றியிருந்த குப்பத்து மக்கள். திடலுக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். திடலை ஒட்டி வாழ்கிறவர்கள் எங்கே போவார்கள்? அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. எந்த இடத்தில் கூடினாலும், அங்கே பிழைக்கிறவர்களிடம் போய் முதலில் பேசுவேன். தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகள், டீக்கடைக்காரர் எல்லோரிடமும், எப்போது வருகிறோம், எவ்வளவு நேரம் இருப்போம், அவர்கள் வியாபாரத்தை மறைக்காமல் எங்கே நிற்கலாம் என்று கேட்போம். அவர்கள் ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, எங்கள் தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

வள்ளுவர் கோட்டத்துக்குப் பிறகு ஒரு முடிவு செய்தோம். நம் ஏரியாவிலேயே ஓர் இடம் பிடிப்போம். அதற்கு நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். நான்கு பேர் நான்கு இடங்களில் ஒரு வாரம், சாயங்காலம் 5 மணியிலிருந்து 6.30 வரை சும்மா உட்கார்ந்து பார்த்தோம். யார் வருகிறார்கள், நிற்கிறார்களா ஓடுகிறார்களா, நிழல் எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே, சத்தம் எவ்வளவு. அலுவலக வாசல் நல்ல இடம் என்று நான் நினைத்திருந்தேன். போய் உட்கார்ந்து பார்த்தால், ஐந்தே முக்காலுக்குப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிரதான சாலையில் எல்லோரும் ஓட்டத்தில் இருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் தாய்மார்கள் நிற்பார்கள், ஆனால் மணி அடித்தால் பத்தே நிமிஷம். கடைசியில் மார்க்கெட் முனைதான் சரிப்பட்டது. நான்கு தெரு கூடும் இடம். ஓர் அரசமரம், அதன் கீழே பிள்ளையார், எதிரே ரேஷன் கடை, டீக்கடை பெஞ்சு, பக்கத்தில் பழைய கொடிக்கம்பங்களின் சிமெண்டுப் பீடங்கள். காய் வாங்க வந்த பெண்கள் அங்கே பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் மூச்சு வாங்குவார்கள். அந்த இரண்டு நிமிஷம்தான் எங்களுக்கு வேண்டியது.

அனுமதி வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சென்னையில் 1888-ஆம் வருஷத்து மாநகரக் காவல் சட்டம், அதன் 41-ஆம் பிரிவு. கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுவோம். இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். என்ன கோரிக்கை, எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பொறுப்பு யார், அவர் கைபேசி எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். 50 பேர் வருவார்கள் என்றால் 50 என்றே எழுதுங்கள், கெத்துக்காக 500 என்று எழுதாதீர்கள். ஒலிபெருக்கி பெட்டி வடிவம் என்று குறிப்பிடுங்கள். கூம்பு வடிவத்துக்கு அனுமதி கிடைக்காது. முதல் இடத்தோடு இரண்டாவது இடம் ஒன்றையும் அதே ஏரியாவுக்குள் எழுதி வைப்பது நல்லது.

எங்களுக்கு முதலில் வாய்மொழியாக மறுத்துவிட்டார்கள். “டிராஃபிக் ஆயிடும்மா, அங்கெல்லாம் முடியாது” என்றார் அந்த அதிகாரி. கோபமாகப் பேசவில்லை. நாங்களும் கோபப்படாமல், “சரிங்க சார், முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, நாங்க கௌம்புறோம்” என்றோம். வாயால் சொன்ன மறுப்பை எங்கேயும் கொண்டுபோக முடியாது. எழுதிக் கொடுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொது இடத்தில் அமைதியாகக் கூடுவது அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு கொடுத்த உரிமை. ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஹிமத்லால் ஷா வழக்கில் சொல்லியிருக்கிறது. 2018 ஜூலையில் டெல்லி ஜந்தர் மந்தர் வழக்கிலும் முழுத் தடை கூடாது, வழிமுறை வகுங்கள் என்றது. எங்கள் வக்கீல் தம்பி இந்த இரண்டையும் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தான். அதை மனுவோடு இணைத்தோம். அரை மணி நேரம் பேசியபின், சாலையில் இறங்காமல் மரத்துப் பக்கம் மட்டும் நிற்பது, 6.30-க்கு முடித்துவிடுவது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

நீதிமன்றம் போனால் எப்போதும் ஜெயிப்போம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே 2018-ல் விவசாயிகளின் தலைவர் அய்யாக்கண்ணு மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டுப் போனார். தனி நீதிபதி ஒருநாள் அனுமதி கொடுத்தார், மேல்முறையீட்டில் அதுவும் நின்றுபோனது. அதனால் பேசி முடிக்க முடிகிறதைப் பேசி முடிப்பதே நல்லது.

முதல் கூட்டத்துக்கு 20 பேர்தான் வந்தோம். மூன்றாவது மாடி அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலில் அன்று காலை குழாயில் பிடித்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடிக்கம்பப் பீடத்தின் மேல் வைத்தார். பேசச் சொன்னால் அவருக்குக் கூச்சம், அதனால் பாட்டிலைக் கொண்டுவந்தார். மஞ்சளாக, அடியில் கறுப்பாக ஏதோ படிந்து கிடந்தது. நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கத்தரிக்காய் விற்கிற ஆயா ஒருவர் எழுந்து வந்தார். பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், முகத்தைச் சுளித்தார். “ஏ, இது எங்கூட்டுத் தண்ணி மாரியே கீது” என்றார்.

அவர் வீடு எங்கள் குடியிருப்பிலேயே இல்லை. மூன்று தெரு தள்ளி.

மறுவாரம் அந்த ஆயா தன் வீட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்து எங்கள் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். டீக்கடைக்காரர் ஒன்று வைத்தார். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்து இரண்டு வந்தது. மூன்றாவது வாரம் 41 பாட்டில்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டு லேபிளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் தெருவின் பெயரை எழுதினார்கள். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, எந்தக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் போல இருந்தது. பழைய கால்வாயை ஒட்டிய தெருக்களின் பாட்டில்கள் கறுப்பாக, தள்ளிப் போகப் போகத் தெளிவாக. அதுவரை எங்களுக்குச் சொல்லப்பட்ட பதில், “உங்க பில்டிங் தொட்டிய கழுவுங்க” என்பதுதான். ஏழு தெருவுக்கும் ஒரே நோய் என்றால் தொட்டி எப்படிக் காரணமாகும்? அந்த வரிசையைப் படம் எடுத்து, தெருப் பெயர்களோடு ஒரே பக்கத்தில் மனு எழுதினோம். 300-க்கும் மேல் கையெழுத்து, எல்லாம் அந்த மரத்தடியிலேயே. பொறியாளர் ஒருவர் அந்த முனைக்கே வந்து பாட்டில்களைப் பார்த்தார். சாலையைத் தோண்டிக் குழாய் மாற்ற இன்னும் ஐந்து மாதம் ஆனது, இடையில் லாரித் தண்ணீர். ஆனால் மாற்றினார்கள்.

வள்ளுவர் கோட்டத்தில் நாங்கள் ஒரு கட்டடத்தின் பிரச்சினையாக நின்றோம். மார்க்கெட் முனையில்தான் அது ஏழு தெருவின் பிரச்சினை என்று எங்களுக்கே தெரிந்தது. அதை ஆயா கண்டுபிடித்தார். அவர் கூட்டத்துக்கு வரவே இல்லை, கத்தரிக்காய் விற்க வந்தவர்.

2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து இஸ்லாமியப் பெண்கள் உட்கார்ந்தபோது எங்களில் சிலர் தினமும் போனோம். குறுகலான தெரு அது. வீட்டு வாசலையும் தெருவையும் பிரித்துச் சொல்ல முடியாத இடம். சமைத்துவிட்டு வந்து உட்காருவார்கள், பிள்ளை அழுதால் எழுந்து போவார்கள், திரும்பி வருவார்கள். எங்கேயோ மைதானத்துக்கு வரச் சொன்னால் அவர்களில் பாதிப்பேர் வந்திருக்க முடியாது. பெண்களைக் கூட்ட நினைக்கிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மார்ச் மாதம் கொரோனா வந்து அந்தப் போராட்டம் நின்றது. அதே வருஷம் அக்டோபரில் டெல்லி ஷாகீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்துக்கொண்டு உட்கார முடியாது, போராட்டம் ஒதுக்கிய இடத்தில் நடக்க வேண்டும் என்றது. வழியை அடைக்கக் கூடாது என்பது சரி என்றே நினைக்கிறேன். அதனால்தான் ஒதுக்குகிற இடம் எது என்பதற்காக இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தது இன்னும் ஆறாத விஷயம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து 1-ஆம் தேதி தொடங்கினார்கள். நடைபாதையில், மழையிலும் வெயிலிலும் 13 நாள். அனுமதி இல்லாத இடம் என்று நீதிமன்ற உத்தரவு வந்து, 13-ஆம் தேதி நள்ளிரவு அப்புறப்படுத்தப்பட்டார்கள். நான் ஒருநாள் மோரும் தண்ணீரும் கொண்டுபோனேன். எங்கள் தெருவைப் பல வருஷமாகக் கூட்டிய அக்கா ஒருவர் அங்கே இருந்தார். “தெனம் காலைல உங்க வூட்டாண்டதான் நிக்கிறேன், இப்பதான என்ன ஒக்கார வெச்சிப் பேசுற” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருகிற ஆயிரக்கணக்கான பேர் அவர்களைப் பார்த்தார்கள். முடிவெடுக்கிற கட்டடத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். வேறெங்கோ உட்கார்ந்திருந்தால் இந்த நகரம் அவர்களைப் பற்றி அத்தனை நாள் பேசியிருக்காது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குக் காலை 11-க்கு முன் வர முடியாது. பிள்ளைகள் பள்ளி விட்டு வருமுன் வீட்டில் இருக்க வேண்டும். அவர்களை நம்பி நடத்தும் கூட்டத்துக்கு நேரத்தை அவர்களே குறிக்கட்டும். 2021-ல் மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இலவசப் பயணம் வந்தபிறகு எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கூடினார்கள். போக வர ஆகும் பணத்துக்குப் பயந்துதான் அவ்வளவு பேர் வராமல் இருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. கழிப்பறையை முதல்நாளே போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடந்தால், பக்கத்து வீட்டில் ஓர் அக்காவிடம் சொல்லி வையுங்கள். கோஷத்தை நமக்கு நாமே போட்டுக்கொள்ளாமல், போகிறவர் பக்கம் திரும்பி நின்று பேசுங்கள். நோட்டீஸ் ஒரு பக்கம் போதும். பேருந்து நிற்கிற நேரத்துக்குள் படித்து முடிக்கிற அளவு. முடிந்ததும் இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வாருங்கள். அடுத்தமுறை அனுமதி கேட்கும்போது அந்த விளக்குமாறு உங்களுக்காகப் பேசும்.

மறியல் என்று போனால் கைது செய்து ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவதுதான் இங்கே பெரும்பாலும் வழக்கம். ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், ஒரு மாற்றுச் சேலை, வீட்டில் ஒருவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை, வக்கீல் எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும். சூரியன் மறைந்தபிறகு விடியும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழலில்கூட பெண் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். இதை எங்கள் பெண்கள் எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் மார்க்கெட் முனைக்கே ஓர் ஆபத்து. அழகுபடுத்தும் திட்டம் என்று சொல்கிறார்கள். அரசமரத்தைச் சுற்றி வட்டமாக இரும்புக் கிராதி, பீடங்களை உடைத்துவிட்டுப் பூந்தொட்டிகள், நடுவில் செயற்கை நீரூற்று. வரைபடத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் உட்கார ஓர் இடம் இல்லை, கூடை இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை. 50 பேர் சேர்ந்து நிற்கவும் முடியாது. பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து சொன்னோம். கிராதி வேண்டாம், மரத்தைச் சுற்றி உட்காருகிற மாதிரி திண்ணை கட்டுங்கள், ஒரு விளக்கும் ஒரு கழிப்பறையும் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து கத்தரிக்காய் ஆயாவுடையது. கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, பேத்தியிடம் இரண்டு நாள் எழுதிப் பழகிவிட்டு வந்து போட்டார்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு அதே மரத்தடியில் கூடுகிறோம். அனுமதி கடிதம் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் தன் பெஞ்சு இரண்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தமுறை பாட்டில் கிடையாது. அந்தத் திண்ணை எவ்வளவு உயரம் இருந்தால் வயதானவர்களுக்கு உட்கார்ந்து எழச் சௌகரியமாக இருக்கும் என்று அளந்து பார்க்க, செங்கல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.